பானை அவருடையது, அடுப்பு என்னுடையது

பாரிஸ், 1672 நவம்பர் 6

அன்புள்ள பெரோன் அக்காவுக்கு,

தம்பி மார்சியால் எழுதுவது. இங்கே நான் சுகம். மாமாவின் கண் இப்போது எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் உன் முழங்கால் தொல்லை கொடுக்கவில்லையே?

முதலில் நல்ல சேதி. பழைய பொந்தை விட்டு வேறு அறைக்கு வந்துவிட்டேன். ஆறாவது மாடி. ஏறி முடிப்பதற்குள் எதற்காக ஏறினோம் என்பதே மறந்துவிடும். ஆனால் அறையில் கணப்படுப்பு இருக்கிறது! எழுதிப் பிழைக்கிறவனுக்கு பாரிஸில் இது ராஜபோகம். இதுநாள்வரை காலையில் ஒயினில் நனைத்த ரொட்டி, இரவில் ஒயினில் நனைக்காத ரொட்டி என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் கறி வாட்டுகிற கடை வாசலில் நின்று வாசனை பிடிப்பேன். கடைக்காரன், "என்னய்யா, இன்னிக்கும் மூக்காலதான் சாப்பாடா?" என்பான். கவிஞர்களை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அடுப்பு கிடைத்தது, பானை இல்லை. எதிர் அறைக்காரரிடம் மூன்று கால் இரும்புப் பானை இருக்கிறது, அடுப்பு இல்லை. அவரும் எழுதுகிறவர்தான். சின்னச் சின்னக் கதைகள். கல்லறைத் திருநாளன்று படிக்கட்டில் நான் விறகோடும் அவர் பானையோடும் முட்டிக்கொண்டோம். அன்றைக்கே என் அடுப்பில் அவர் பானை ஏறியது. டர்னிப் சூப். பாரிஸ் டர்னிப்புக்கு ஒரு ருசியும் கிடையாது, ஆனால் சூடாக இருந்தது. அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சொல்ல மறந்துவிட்டேனே, அவர் ஒரு பாதிரியார்.

திரேஸ் நாட்டு ராஜாவின் சோக நாடகம் நான்காவது அங்கத்தில் இருக்கிறது. முதல் மூன்று அங்கங்களை இத்துடன் அனுப்புகிறேன். ஜூன் மாதப் புனித யோவான் திருநாளுக்குள் எந்த நாடகக் குழுவும் என் நாடகத்தை எடுத்துக்கொள்ளாவிட்டால் ஊருக்கு வந்து மாமாவின் நோட்டரி அலுவலகத்தில் குமாஸ்தா நாற்காலியில் உட்காருவேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அது நினைவிருக்கிறது என்று மாமாவிடம் சொல். மறந்துபோனால் நன்றாக இருக்கும் என்ற இந்த வரியை மட்டும் அவருக்கு வாசிக்காதே.

உன் பன்றிக்கொழுப்புச் சூப்பை எப்படி வைப்பது என்று எழுது. இரண்டு பேருக்கு.

அன்புத் தம்பி,
மார்சியால்


உஸெர்ஷ், 1672 நவம்பர் 27

என் செல்லத் தம்பிக்கு,

என் முழங்காலும் மாமாவின் கண்ணும் போட்டி போட்டுக்கொண்டு மக்கர் செய்கின்றன. மற்றபடி நாங்கள் நலம். நீ இளைத்திருப்பாய் என்று எழுதாமலே தெரிகிறது.

உன் கடிதத்தை வழக்கம்போல இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவுக்கு வாசித்தேன். பாதிரியார் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. புத்தி சொல்ல பக்கத்துலயே ஒரு ஆளு. அவரு என்ன கதை எழுதறாராம்? புனிதர்கள் கதையா?" என்றார். "அப்படித்தான் இருக்கும் மாமா" என்றேன். நீ எழுதவில்லையே, நான் வேறு என்ன சொல்வது?

உன் ராஜாவையும் வாசித்தேன். மூன்று அங்கம் முழுக்க அந்த மனுஷன் ஒரு வாய் சாப்பிடவில்லை. ராணி சாப்பிடவில்லை, மந்திரி சாப்பிடவில்லை, சிறையில் இருக்கிறவனுக்குக்கூட யாரும் ரொட்டி கொடுக்கவில்லை. மாமா பாதியில் தூங்கிவிட்டார். எழுப்பினால், "அந்த ராஜாவுக்கு ஏதாவது குடுங்கம்மா, பசியிலதான் இப்படிக் கத்தறான்" என்கிறார். அடிக்காதே, நான் சொல்லவில்லை.

சூப் இப்படி: கொழுப்பைத் தண்ணீரோடு போட்டு நன்றாகக் கொதிக்க விடு. வெந்ததும் எடுத்து முள்கரண்டியால் மசித்துத் திரும்பவும் பானையிலேயே போடு. பிறகு கோஸ், டர்னிப், பூண்டு. கிண்ணத்தின் அடியில் கறுப்பு ரொட்டியைச் சீவிப் போட்டு மேலே ஊற்று. கொழுப்பிலேயே உப்பு இருக்கிறது, மறுபடி உப்புப் போட்டுத் தொலைக்காதே. பாதிரியாருக்குப் பூண்டு ஆகுமா என்று கேட்டுக்கொள்.

நீ இல்லாமல் மேசையின் அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. குமாஸ்தா நாற்காலி அவ்வளவு மோசமான நாற்காலி இல்லை, தெரியுமா? ஒரு மூட்டை செஸ்ட்நட் அனுப்புகிறேன்.

உன் அக்கா,
பெரோன்


பாரிஸ், 1673 ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. மாமாவின் கண்ணுக்கு வெந்நீர் ஒத்தடம் போடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்று கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கிறது.

செஸ்ட்நட் வந்தது. பாரிஸ்காரர்கள் தெருவில் சுட்டு விற்பார்களே தவிர நம்மைப் போல இரண்டு தோலையும் உரித்து ஆவியில் வேகவைக்கத் தெரியாது. பாதிரியாருக்குச் சொல்லிக் கொடுத்தேன். விரலைச் சுட்டுக்கொண்டு, ஊதிக்கொண்டு, சிரித்துக்கொண்டு உரித்தார். அவருக்குப் பூண்டு ஆகும்.

உன் சூப்பும் வைத்தேன். கிண்ணத்தில் கடைசி இரண்டு கரண்டி மிச்சம் இருக்கும்போது, நம் வீட்டில் செய்வதுபோலக் கொஞ்சம் சிவப்பு ஒயினை அதில் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தேன். பாதிரியார் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"கிண்ணம் கழுவுறீங்களா?"

"இல்லங்க, இது எங்க ஊர் வழக்கம்."

"கழுவின தண்ணிய குடிக்கிறது வழக்கமா?"

எனக்கு மானம் போய்விட்டது. நம் லிமூஸேன் பக்கத்தான் என்றாலே பாரிஸில் காட்டான் என்று சிரிக்கிறார்கள். இனி வெளியே யார் எதிரிலும் இதைச் செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அவரே மாவு பிசைந்து எனக்குத் தெரியாமல் உள்ளே அவரைக்கொட்டையை வைத்தார். ரொட்டிக் கடை அடுப்பில் கொடுத்து வாட்டி வாங்கினோம். கொட்டை அவருக்கே வந்தது, அன்றைக்கு அவர்தான் ராஜா. என் நான்காவது அங்கத்தின் வீணாய்ப்போன தாளில் கிரீடம் செய்து சூட்டினேன். அந்தத் தாள் அதற்குத்தான் லாயக்கு என்றார் அவர். கிரீடம் அவருக்கு மிகவும் பொருந்தியது. இருப்பது இரண்டு பேர், ராஜா குடிக்கிறார், ராஜா குடிக்கிறார் என்று நான் ஒருவனே கத்தவேண்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் கட்டையால் கூரையைத் தட்டினார்கள்.

என் சட்டைக் கையில் கிழிந்திருந்ததையும் பாதிரியார் தைத்துக் கொடுத்துவிட்டார். இன்னொரு மரக்கரண்டி இருந்தால் அனுப்பு.

தம்பி மார்சியால்


உஸெர்ஷ், 1673 ஜனவரி 30

என் தம்பிக்கு,

நாங்கள் நலம். முற்றத்தில் பனி முட்டளவு கிடக்கிறது.

உன் கடிதத்தை வாசிக்க வாசிக்க மாமா கேட்ட ஒரே கேள்வி: "பாதிரி தையல் எல்லாம் போடறாரா?" "ஏழைப் பாதிரி மாமா, என்ன செய்வார்" என்றேன். மாமா மூக்கைச் சொறிந்தார்.

உப்புப் போட்டுக் கொழுப்பில் அமிழ்த்திய வாத்துக் கறி ஒரு ஜாடி அனுப்புகிறேன். தவக்காலத்துக்கு முன்பே வந்துவிடும், வண்டிக்காரன் சத்தியம் செய்திருக்கிறான். இரண்டு மரக்கரண்டியும் வைத்திருக்கிறேன்.

இனி எழுதுவதை மாமாவுக்கு வாசிக்கமாட்டேன். ஜாடிக்கு மேலே சுற்றியிருக்கும் துணிக்குள் நீல ரிப்பன் ஒன்று இருக்கிறது. உங்கள் பாதிரியாருக்கு. பாரிஸ் பாதிரிகள் எந்த நிறம் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முடி கறுப்பா, பழுப்பா?

உன் அக்கா பெரோன்


பாரிஸ், 1673 மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு நன்றாக இருக்கிறது. மனம்தான் மேலும் கீழுமாகக் கிடந்தது. ரிப்பனுக்குப் பாதிரியார் நன்றி சொல்லச் சொன்னார். பழுப்பு.

உன் வண்டிக்காரனை மாமா வழக்குப் போட்டு உள்ளே தள்ளட்டும். வாத்து ஜாடி எப்போது வந்தது தெரியுமா? தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன்கிழமை! காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருகிறோம், வாசலில் ஜாடி. ஈஸ்டர்வரை கறியைத் தொடக்கூடாது. அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பாதிரியாரிடம் கொடுத்தேன். அவர் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்ட வேணாம். எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல." கடைசியில் சாவியை வீட்டுக்காரக் கிழவியிடம் ஒப்படைத்தோம். கருவாடும் பட்டாணியும் தின்றுகொண்டு, பூட்டிய அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது பெரிய விஷயம். ஈஸ்டர்வரை நாடக அரங்குகள் மூடிக்கிடக்கும். இந்த நாட்களில்தான் நடிகர்கள் கூடி உட்கார்ந்து புது நாடகங்களைக் கேட்பார்கள். ஒரு குழு என்னைக் கூப்பிட்டது. போன செவ்வாய்க்கிழமை போய் என் ராஜாவை வாசித்தேன். இரண்டாவது அங்கத்தில் ஒரு அம்மாள் கொட்டாவி விட்டாள். மூன்றாவதில் ஒருவர் பூனையோடு விளையாடினார். மூன்று முடிந்ததும், சூப் ஆறிவிடும், சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கேட்போம் என்றார்கள். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். குமாஸ்தா நாற்காலியை நினைத்தேன். நான் ஊருக்குப் போனால் இங்கே அடுப்பு போய்விடும், பானை மட்டும் எதிர் அறையில் தனியாகக் கிடக்குமே என்று நினைத்தேன். அந்த யோசனையில் கை தன்பாட்டுக்கு ஒயினை எடுத்துச் சூப்பில் ஊற்றி, சுழற்றி, கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டது! கிண்ணத்தை இறக்கினால் மேசையே என்னைப் பார்க்கிறது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளின் கொட்டாவிகூட ஓடிப்போனது.

ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. வேலைக்காரன் வேடம் போடுகிற கிழவர் லா ரமே. மெதுவாக ஒயின் ஜாடியைத் தன் பக்கம் இழுத்தார், தன் சூப்பில் ஊற்றினார், தூக்கிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "யோவ் தம்பி, நீ எந்த ஊரு?" என்றார்.

"உஸெர்ஷ் பக்கம்ங்க."

"அதானே பாத்தேன்! நான் த்யூல், உன் பக்கத்து ஊரு. பாரிஸுக்கு வந்ததுலேருந்து யாரும் பாக்காதப்பதான் இப்படிக் குடிச்சிருக்கேன்யா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க எங்க சாப்பிடறே? யாரு சமைக்கறாங்க?"

நான் பானையையும் அடுப்பையும் பற்றிச் சொன்னேன். ரிப்பன் நீங்கலாக எல்லாவற்றையும். மேசையே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் இது வேறு சிரிப்பு.

"அந்த ராஜாவ மூட்டை கட்டிப் பரண்ல போடு" என்றார் லா ரமே. "இதை எழுது. பானை அவரோடது, அடுப்பு உன்னோடது. அப்ப சூப்பு யாரோடது?"

"நாங்க அதுக்காகச் சண்டை போட்டதில்லைங்க."

"போடுங்கய்யா! சண்டை இல்லாம நாடகம் ஏது?"

எனவே மாமாவிடம் ஒரு சட்டக் கேள்வி. விளையாட்டுக்கு இல்லை. பானை ஒருவருடையது, அடுப்பு இன்னொருவருடையது என்றால் சூப் யாருக்குப் பாத்தியம்? புனித யோவான் திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
மார்சியால்


உஸெர்ஷ், 1673 ஏப்ரல் 14

தம்பிக்கு,

எங்கள் ஈஸ்டர் நன்றாகக் கழிந்தது. வாத்தைத் திறந்தீர்களா? உன் கேள்வி வந்த நாளிலிருந்து மாமாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பழைய சட்டப் புத்தகங்களை இறக்கச் சொல்லி என்னை வாசிக்க வைத்து உயிரை எடுத்துவிட்டார். இனி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"மேற்படி பானையானது ஒருவருக்கும், மேற்படி அடுப்பானது மற்றவருக்கும் பாத்தியப்பட்டிருக்க, பானை இல்லாமல் சூப் சிந்திவிடும் என்பதாலும், அடுப்பு இல்லாமல் சூப் என்பதே வெறும் டர்னிப்பும் தண்ணீரும் என்பதாலும், சூட்டைச் சூப்பிலிருந்து தனியே பிரித்தெடுத்து அதன் உரிமையாளரிடம் ஒப்படைக்க எந்த நீதிமன்ற அமீனாவாலும் இயலாது என்பதாலும், மேற்படி சூப் இருவருக்கும் பிரிக்கமுடியாத பொதுப் பாத்தியம்.

"அன்றியும், ஒரே பானை, ஒரே அடுப்பு, ஒரே உப்பு என ஒரு வருடமும் ஒரு நாளும் சேர்ந்து உண்டவர்கள், எந்தப் பத்திரமும் எழுதாவிட்டாலும், நம் பக்கத்துப் பழைய வழக்கப்படி ஒரே குடும்பம். பாரிஸ் வக்கீல்கள் இதைச் செல்லாது என்பார்கள். பாரிஸ் வக்கீல்களுக்குச் சூப் வைக்கத் தெரியாது."

எழுதி முடித்ததும் மாமா, "அந்தப் பாதிரிய ஜாக்கிரதையா இருக்கச் சொல்லும்மா. வருஷம் முடியறதுக்குள்ள ஒரு நாளாவது தனியா சாப்பிடட்டும். இல்லன்னா இவன் கவிதையெல்லாம் அவர் தலையில விழுந்துடும்" என்றார். உனக்கு இதை எழுதச் சொல்லி இரண்டு தரம் சொன்னார்.

இது வாசிக்காத வரி: தம்பி, நீ குமாஸ்தா நாற்காலிக்கு வரவேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டேன். இப்போது ஆசைப்படவில்லை. பானை தனியாகக் கிடக்கும் என்று எழுதினாயே, அந்த இடத்தை மாமாவுக்கு வாசிக்கும்போது என் குரல் மாறிவிட்டது. நன்றாக எழுது.

பெரோன்


பாரிஸ், 1673 ஜூன் 19

அக்கா! அக்கா! மாமா!

சுகம் விசாரிப்பதற்கு முன் சேதி சொல்லிவிடுகிறேன். எடுத்துக்கொண்டார்கள்! இலையுதிர் காலத்தில் மேடை ஏறுகிறது. தலைப்பு, 'சூப் வழக்கு'. புனித யோவான் திருநாளுக்கு முன்பே! குமாஸ்தா நாற்காலியை நல்ல பையனாகப் பார்த்துக் கொடுத்துவிடச் சொல். இப்போது சொல், எல்லோரும் சுகமா?

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வரிகூட உனக்கு எழுதவில்லை. ராத்திரி பகல் இதுவேதான். நான் எழுதுவேன், பாதிரியார் சமைப்பார். மறுநாள் அவர் தன் கதையை எழுதுவார், நான் சமைப்பேன். என் முறை வந்த நாட்களில் சூப் கொஞ்சம் அடிப்பிடிக்கும். வாத்தை ஈஸ்டர் அன்று பூசை முடிந்து படிக்கட்டில் ஓடிவந்து திறந்தோம். ஜாடியின் அடிக்கொழுப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறோம்.

ஒரு விஷயம் சொல்லப் பயமாக இருக்கிறது. மூன்றாவது அங்கத்தில் ஒரு நோட்டரி வருகிறார். சூப்பை யாருக்குக் கொடுப்பது என்று தீர்ப்புச் சொல்கிறார். மாமாவின் வாசகத்தைவிட நன்றாக என்னால் எழுத முடியவில்லை. அப்படியே போட்டுவிட்டேன். அமீனாவால் சூட்டைப் பிரித்து ஒப்படைக்க முடியாது என்கிற இடத்தில் லா ரமே நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார். மாமா கோபித்துக்கொள்வாரா? மெதுவாக வாசி. ஒயின் கொடுத்துவிட்டு வாசி.

எடுத்துக்கொண்டோம் என்று அவர்கள் சொன்னதும் ஓடிவந்து பாதிரியாரிடம் சொன்னேன். அவர் அழுதுவிட்டார், சிரித்துக்கொண்டே. அன்றைக்கு அவரும் தன் கிண்ணத்தில் ஒயினை ஊற்றினார். இன்றுவரை அவர் ஒரு நாள்கூடத் தனியாகச் சாப்பிடவில்லை என்று மாமாவிடம் சொல்.

மார்சியால்


உஸெர்ஷ், 1673 ஜூலை 12

என் கண்ணான தம்பிக்கு,

எங்கள் சுகத்துக்கு இனி என்ன குறை? வாசித்துக்கொண்டே அழுதேன். பிறகு எழுந்து போய்ச் சூப் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒயின் கொடுத்துவிட்டுத்தான் வாசித்தேன். நோட்டரி வருகிற இடத்தில் மாமா கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டார்.

"என் வாசகத்த அப்படியேவா சொல்றானுங்க?"

"அப்படியேதான் மாமா."

"அந்த அமீனா எடத்தையுமா?"

"அங்கதான் ஒருத்தர் நாற்காலிலேருந்து விழுந்தாராம்."

"பாரிஸ்காரனா?"

"இல்ல மாமா, த்யூல்காரர்."

"அவனுக்குச் சட்டம் தெரியும்" என்றார் மாமா. மறுநாள் காலையில் மருந்துக்கடையில் உட்கார்ந்து, பாரிஸில் தன்னுடைய நாடகம் நடக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னுடையதாம்! குமாஸ்தா நாற்காலியில் தச்சர் மகனை வைத்துவிட்டார்.

இது வாசிக்காத வரி. தம்பி, உனக்கு முப்பது ஆகவில்லை. மாமா கையெழுத்து இல்லாமல் உனக்கு எந்தக் கோயிலிலும் கல்யாணம் நடக்காது. அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது சொல்லாமல் எப்போது சொல்லப்போகிறாய்?

பெரோன்


பாரிஸ், 1673 அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இருவரும் நலமாக இருக்கிறீர்களா? நான் நலம் என்றால் அது சின்ன வார்த்தை.

நாடகம் ஏறிவிட்டது. முதல் நாள் அரங்கில் நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மேடையில் நிஜச் சூப், நிஜப் பானை. எதிர் அறையிலிருந்து இரவல் வாங்கியது. வாசனை அரங்கம் முழுக்கப் பரவ, தரையில் நின்று பார்க்கிற கூட்டத்திலிருந்து ஒருவன், "எங்களுக்கும் ஒரு கரண்டி ஊத்துங்கடா!" என்று கத்தினான். நோட்டரி பேச ஆரம்பித்ததும் சிரிப்பில் அடுத்த வரி கேட்கவில்லை, திரும்பச் சொல்ல வைத்தார்கள். மாமா, உங்களுக்காக! கடைசியில் வழக்காடிய இருவரும் ஒயினை ஊற்றி ஒரே கிண்ணத்தில் குடித்தார்கள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

நாடகம் ஓடுகிற நாட்களில் பானையை மேடைக்குத் தூக்கிப் போய்விடுகிறார்கள். நாங்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்கிறோம். ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாளாவது பானையை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பாதிரியார் குழுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாமா, உங்களிடம் இன்னொரு சட்டக் கேள்வி கேட்கவேண்டும். மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இதற்கு மேல் எழுதினால் சாப்பாட்டு மேசையில் வாசிக்க முடியாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

மார்சியால்


உஸெர்ஷ், 1673 நவம்பர் 4

மருமகன் மார்சியாலுக்கு,

மாமா லெயோனார் என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து பெரிதாகக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் அக்கா அடுப்படியில் இருக்கிறாள். அவளுக்கு இதை நான் வாசிக்கமாட்டேன். அவள் எனக்கு எத்தனை வரி வாசிக்கவில்லை! இருவருக்கும் சமம்.

பத்திரம் எழுதிப் பிழைப்பவன் முதலில் பார்ப்பது, இருக்கவேண்டியது எது இல்லை என்பதை. உன் கடிதங்களில் ஒரு வருடமாக ஒரு பாதிரியார் இருக்கிறார். செஸ்ட்நட் உரிக்கிறார், மாவு பிசைகிறார், கிழிசல் தைக்கிறார், அழுகிறார், சிரிக்கிறார். ஒரு நாளாவது பூசை வைத்தாரா? ஈஸ்டர் அன்றைக்குக்கூட உன்னோடு சேர்ந்து பூசை கேட்டுவிட்டுப் படிக்கட்டில் ஓடிவருகிறார். உன் அக்கா சந்தையில் நீல ரிப்பன் வாங்கியதையும் பார்த்தேன். என் கண் மங்கல்தான், குருடில்லை. வருடம் முடிவதற்குள் ஒரு நாள் தனியாகச் சாப்பிடச் சொல்லி உனக்கு எழுதச் சொன்னேன், அவர் சாப்பிடவில்லை என்று பதில் வந்தது. அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குத்தான் புரியவில்லை.

நீ கேட்கப்போகிற கேள்விக்குப் பதில்: போன வருடக் கல்லறைத் திருநாளில் உங்கள் பானை அடுப்பேறியது. நேற்றோடு ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகிவிட்டது. நம் பக்கத்துப் பழைய வழக்கப்படி நீங்கள் ஏற்கெனவே ஒரே குடும்பம். கோயிலுக்கும் பாரிஸ் வக்கீல்களுக்கும் அது போதாது என்பதால் கல்யாண ஒப்பந்தம் எழுதி, உன் பொறுப்பாளன் என்ற முறையில் கையெழுத்தும் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். மணமகள் கொண்டுவருவது: மூன்று கால் இரும்புப் பானை ஒன்று. மணமகன் கொண்டுவருவது: அடுப்பு வாடகை அறையைச் சேர்ந்தது என்பதால், அதன் சூடு மட்டும்.

மணமகள் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். அங்கே 'பாதிரியார்' என்று எழுதினால் என் பிழைப்புப் போய்விடும். பெயரை எழுது. கிறிஸ்துமஸுக்கு இருவரும் வாருங்கள். பானையையும் எடுத்து வாருங்கள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாகவேண்டும். நீ பயந்துகொண்டு சுற்றி வளைப்பாய், அவளையே பதில் எழுதச் சொல். கிண்ணத்தில் ஒயின் ஊற்றினாள் என்று எழுதினாயே. உனக்காக ஒரு தரம் ஊற்றினாளா, பிடித்துப்போய் ஊற்றினாளா?

மாமா லெயோனார்


பாரிஸ், 1673 நவம்பர் 25

மதிப்புக்குரிய மாமாவுக்கும் அன்புள்ள பெரோன் அக்காவுக்கும்,

உங்கள் கண்ணும் அக்காவின் முழங்காலும் குணமாக நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். உங்களை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வருடமாக உங்கள் கைப்பக்குவத்தைத்தான் சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் உங்கள் மருமகன் படிக்கட்டில் இறங்கி ஓடி, ஏன் இறங்கினோம் என்று தெரியாமல் மறுபடி ஆறு மாடி ஏறிவந்தார். இப்போது சூப் கிண்டிக்கொண்டிருக்கிறார். அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

ஒயின் விஷயம்: முதல் நாள் பார்த்தபோது கிண்ணம் கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இல்லாத ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நானும் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். அது ஜனவரி மாதம். ஜூனில் அவர் எதிரில் ஊற்றியது இரண்டாவது தடவை இல்லை, மாமா. எத்தனையாவது என்று கேட்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நீங்கள் விட்டிருந்த இடத்தில் என் கையாலேயே எழுதிவிட்டேன். அச்சுக்கூடம் வைத்திருந்தவரின் விதவை, கதை எழுதுகிறவள், பழுப்பு முடி. பானையோடு வருகிறேன்.

என் பெயர் சபின்.